தருவைகுளம் கரையில் நாங்கள் அள்ளிய குப்பை

மக்களே,

போன வாரம் செல்வி போனில் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, எங்க கம்பெனியில சேர்ந்த ஆளு ஒரு வருஷம் நிக்க மாட்டேங்கான். எல்லாரையும் கூட்டிட்டுப் போயி ஏதாவது சமூக சேவை செஞ்சா கம்பெனி மேல ஒரு ஒட்டுதல் வரும்னு மேலிடத்துல நினைக்காங்க. என்னைத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. உங்க யார்டுல இதெல்லாம் செஞ்சீங்கள்ல, பலன் இருந்துச்சா?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "அடுப்புல பால் வச்சிருக்கேன்பா, சுருக்கமாச் சொல்லுங்க" என்றாள்.

சுருக்கமாகச் சொன்னால் "இருந்தது" என்று ஒரே வார்த்தைதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு அவள் திட்டம் எழுதினால் நாங்கள் விழுந்த பள்ளத்தில் அவளும் விழுவாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். செல்வியோடு வேலை பார்க்கிற பிள்ளைகளும், துறைமுகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் அவள் தம்பியும் வாசிக்கட்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். புத்தகத்தில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நடந்தது தெரியும்.

நான் வேலை பார்த்த யார்டு கப்பலில் வரும் கன்டெய்னர்களை அடுக்கி வைத்து லாரியில் ஏற்றி அனுப்புகிற இடம். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் பைபாஸ் ரோடு. கோடையில் மத்தியானம் வெளியே வந்தால் உப்புக் குவியல் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். காற்று திரும்பினால் கேன்டீன் வடையில்கூட உப்பு கூடின மாதிரி இருக்கும். வேலை நடக்கும்போது வண்டிகளின் சத்தத்தை எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்போது வீட்டில் சும்மா இருக்கும்போது, வண்டி பின்னால் வருகிற 'பீப் பீப்' சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். பார்த்தால் தெருவில் தண்ணீர் லாரி. உங்கள் அம்மா, "உங்க யார்டு வந்துட்டு, போயி கையெழுத்துப் போட்டு உள்ள விடுங்க" என்பாள்.

அங்கே கன்டெய்னரை எண்ணிக் குறிக்கிற வேலையில் சேர்ந்து, கடைசியில் எச்.ஆர். பிரிவுக்கு உதவியாளாக வந்தேன். ஆட்கள் என்னை அண்ணாச்சி என்பார்கள். வேலையை விட்டுப் போகிறவன் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படித் தாண்டிப் போனவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. அதிலும் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறவர்கள். கன்டெய்னரை மேலிருந்து பிடித்துத் தூக்கி, தீப்பெட்டியை அடுக்குவது மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கிற பெரிய வண்டி அது. ஒருவனுக்குக் கை படியவே ரொம்ப நாளாகும். கை படிந்த அன்றைக்கே கல்ஃப் ஏஜென்டிடமிருந்து போன் வந்துவிடும்.

போகிறவனைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுப்பது என் வழக்கம். ஏன் போகிறாய் என்று கேட்டால், முதல் டீக்கு எல்லோரும் சம்பளம் என்பார்கள். அது பொய்யில்லை. இரண்டாவது டீக்கு வேறு பேச்சு வரும். ஒரு பையன் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நாளைக்கு நான் வரலைன்னா வண்டி நிக்கும் அண்ணாச்சி. அதுக்காக என்னைத் தேடுவிய. ஆளுக்காக யாரும் தேட மாட்டிய."

அந்த நேரத்தில்தான் நிவேதிதா மேடம் எச்.ஆர். மேலாளராக வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள். சின்ன வயது. ஆனால் மரியாதை தெரிந்தவர்கள். சேர்ந்த முதல் வாரமே இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு யார்டு முழுக்க நடந்தார்கள். ஏன் ஆட்கள் போகிறார்கள் என்று என்னிடம் கேட்டார்கள். நான் அந்தப் பையன் சொன்னதைச் சொன்னேன். "சம்பளத்தைக் கூட்டறது என் கையில இல்ல அண்ணாச்சி. ஆளை ஆளு தேடற மாதிரி ஏதாவது பண்ணலாமா?" என்றார்கள். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்தும் அப்போது ஒரு உத்தரவு வந்திருந்தது. ஒவ்வொரு கிளையும் ஊழியர்களை வைத்து ஒரு சமூக சேவை நடத்த வேண்டும். இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள் மேடம்.

கேன்டீனில் கூட்டம். "நாம எல்லாரும் சேர்ந்து ஊருக்கு ஒரு நல்லது செய்யப் போறோம். என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றார்கள்.

முருகேசன் கையைத் தூக்கினான். உடன்குடிக்காரன், கருப்பட்டி வியாபாரக் குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் எங்களிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வந்தவன். எந்தக் கூட்டத்திலும் முதல் வாய் அவனுடையதுதான்.

"லீவு உண்டா மேடம்?"

"ஞாயித்துக்கிழமைதாங்க."

"அப்ப என் வீட்டுக்காரிகிட்ட நீங்கதான் பேசணும். ஞாயித்துக்கிழமை கறி எடுக்கது என் டூட்டி. அதுக்கு மாத்து ஆளு போட்டாத்தான் நான் வர முடியும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்தில்தான் மிக்கேல் எழுந்தான்.

மிக்கேல் தருவைகுளத்துப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆள் அவன்தான். எங்கள் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. கல்ஃப் ஏஜென்ட் அவனோடும் பேசிக்கொண்டிருந்தான். பாஸ்போர்ட் தயார். சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. எனக்கும் மேடத்துக்கும் அது தெரியும்.

"எங்க ஊரு கரைக்கு வாங்க மேடம்" என்றான். "மழைத்தண்ணியில ஓடை வழியா வந்து ஒதுங்குன பிளாஸ்டிக் நெறையக் கெடக்கு. வலையில எல்லாம் வந்து சிக்குது. ஊர் கமிட்டிகிட்ட நான் கேட்டு வைக்கேன்."

அவன் அப்படி எழுந்து பேசியதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மேடம் என்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இவன் நிற்பான் போலிருக்கிறதே என்று இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு.

கமிட்டியில் பேசிவிட்டு வந்து ஒன்றே ஒன்று சொன்னான். "ஞாயித்துக்கிழமை ஊரு முழுக்கக் கோயில்ல இருக்கும். கரையில ஒரு குஞ்சு இருக்காது. பூசை முடிஞ்ச பிறவு வாங்க. எங்க ஆட்களும் கூட வந்து அள்ளுதோம்னு சொல்லியிருக்காக."

நல்ல ஏற்பாடு. அதன்படி நடந்திருந்தால் இன்றைக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து போன் வந்தது. மேலிடத்து அதிகாரி ஒருவர் தொடங்கி வைக்க வருகிறார், மத்தியான விமானத்தில் திரும்ப வேண்டும், அதனால் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள் என்றார்கள். அதோடு ஆட்களுக்கு உற்சாகம் வரட்டும் என்று ஒரு போட்டியும் வைக்கச் சொன்னார்கள். நான்கு அணி. எந்த அணி அதிக எடைக்குக் குப்பை அள்ளுகிறதோ அதற்குக் கோப்பை. நேரம் மாறியதை மேடம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மிக்கேலுக்கும் போனில் சொன்னார்கள். "ஆரம்பிச்சு வைக்கட்டும் மேடம், ரோட்டோரமா அள்ளிட்டு இருங்க. நான் பூசை முடிஞ்ச கையோட ஓடி வாரேன்" என்றான் அவன்.

காலையில் கரைக்குப் போனோம். அழகான கரை அது. வள்ளங்கள் வரிசையாக ஏற்றிக் கிடந்தன. கோயிலிலிருந்து பாட்டுச் சத்தம் மெதுவாக வந்தது. மனிதர்கள் ஒருத்தர் இல்லை. எல்லோருக்கும் நீல நிறத்தில் கம்பெனி பனியன். அதிகாரி பச்சை ரிப்பனை வெட்டினார், ஒரு பாட்டிலைக் குனிந்து எடுத்தார், போட்டோ எடுத்தார்கள், போட்டி தொடங்கியது.

போட்டி என்றால் நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா. ரோட்டோரத்துக் குப்பை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பாட்டிலும் பையும் எடையே நிற்கவில்லை. அப்போது முருகேசன் அணிக்கு வள்ளங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய குவியல் கண்ணில் பட்டது. காய் வெட்டிய தென்னங்குலைகள், வெறுங்குலைகள், காய்ந்து போய் மலை மாதிரி. பக்கத்தில் மணல் ரொப்பிய பழைய உரச் சாக்குகள். கயிறு கட்டிய காலி பாட்டில்கள்.

"அடிச்சதுலே யோகம்" என்றான் முருகேசன். சாக்கை மணலோடு தூக்கிக்கொண்டு தராசுக்கு வந்தான். எடை பார்க்கிற பிள்ளை, "மணலோட நிறுக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க" என்றது. அதற்கும் தயார் அவன். ஒவ்வொரு சாக்காக அவிழ்த்து மணலைக் கரையில் கொட்டினார்கள். குலைகளைக் கட்டுக் கட்டாகத் தூக்கினார்கள். வாடகை லாரி நிறைந்து நகரக் குப்பைக் கிடங்குக்குப் போனது. திரும்பி வந்து இன்னொரு நடையும் போனது. முருகேசன் அணிக்குக் கோப்பை. அதிகாரி கை குலுக்கிவிட்டு விமானத்துக்குப் புறப்பட்டார்.

பூசை முடிந்து ஊர் கரைக்கு வந்தது.

வெள்ளைச் சட்டையில் மிக்கேல் முன்னால் வந்தான். கையில் ஒரு பை, அதற்குள் கம்பெனி பனியன், மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்தது. அவனுக்குப் பின்னால் அவனுடைய தாய்மாமாவும் மாமியும். மாமாவுக்கு அந்தக் கரையில் ஒரு வள்ளம். மாமிதான் முதலில் பார்த்தார்கள். வள்ளங்களுக்குப் பின்னால் வெறும் மணல்.

"எங்க குலை எங்க?"

யாருக்கும் கேள்வியே புரியவில்லை.

"இங்கன கூட்டி வச்சிருந்தோமே, குலை. சாக்குல மணலு கட்டி வச்சிருந்தோமே. அது எங்க?"

முருகேசன் கோப்பையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

விவரத்தை மாமாதான் சொன்னார். காற்று திரும்பினால் கணவாய் மீன் ஏறும் காலம். குலைகளை மணல் சாக்கோடு சேர்த்துக் கட்டி, அவரவர் இடம் பார்த்துக் கடலடியில் இறக்குவார்கள். கணவாய் முட்டை போட இடம் தேடி அந்தக் குலைக்கு வரும். அதைச் சுற்றித் தூண்டில் போடுவார்கள். பாட்டில்கள் அந்த இடத்துக்கு அடையாளம். மூன்று வள்ளத்துக்காரர்கள் தோப்புத் தோப்பாகப் போய் மாதக்கணக்கில் சேர்த்து வைத்தது. அந்த வாரம்தான் கட்ட உட்காரப் போகிறார்கள். இதை மாமா கத்திச் சொல்லவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

மாமி அப்படியில்லை. "மருமவனே, கமிட்டியில வந்து என்ன சொன்ன? எங்க கம்பெனி ஆட்க வந்து நல்லது செய்வாகன்னு சொன்ன. நல்லாச் செஞ்சிருக்காக. இந்தா வள்ளமும் பழசுதான், அதையும் தூக்கி லாரியில போடச் சொல்லு."

"மாமி, நான் வந்து..."

"நீ பேசாத. கோயில்ல இருக்கம்னு தெரிஞ்சே கூட்டிட்டு வந்திருக்க."

கூட்டத்தில் யாரோ, "ஆமா, நேரத்தைச் சொன்னது அவன்தான" என்றார்கள். மிக்கேல் பூசைக்குப் பிறகு வரச் சொன்னான் என்று நானும் மேடமும் மாறி மாறிச் சொன்னோம். நீல பனியன் போட்டவர்கள் சொல்வதை அன்றைக்கு யார் கேட்பார்கள். குலையைத் திரும்ப எடுக்கக் குப்பைக் கிடங்குக்கு ஆள் ஓடினான். அதற்குள் ஊர்க் குப்பையெல்லாம் அதன் மேல் விழுந்துவிட்டது.

மிக்கேல் கையிலிருந்த பையை மேடத்திடம் நீட்டினான். "இது வேண்டாம் மேடம்" என்றான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன். "ஏஜென்டுக்குச் சரின்னு சொல்லப் போறேன் அண்ணாச்சி. எங்க ஊருல நான் தலை நிமிந்து நடக்க முடியல. யார்டுக்கு வந்தா அந்த வண்டியில ஏற மனசு வரல. ரெண்டு பக்கமும் இல்லன்னா நான் வேற எங்க போக?" என்றான்.

ஆளைத் தக்க வைக்கச் செய்த சேவை, போகலாமா வேண்டாமா என்று நின்றவனை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டது. இதைத்தான் செல்வி நன்றாக மனதில் வைக்க வேண்டும். வேலையிடத்தில் ஒருவனுக்குச் சம்பளம் குறைந்தால் கோபம் வரும். அவன் ஊரில் அவன் முகத்தைக் கெடுத்துவிட்டால் கோபம்கூட வராது, கிளம்பிவிடுவான்.

அவன் வராத அன்றைக்கு மேடத்தின் அறையில் நான் இருந்தேன். சென்னையிலிருந்து போன். மேடம் நடந்ததைச் சொன்னார்கள். "ஏதாவது நஷ்டஈடு கொடுத்து முடிச்சிடுங்க. போட்டோ எல்லாம் நல்லா வந்திருக்கு, பத்திரிகைக்குக் கொடுக்கறோம்" என்று அங்கிருந்து பதில்.

போனை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்கள். "கொடுத்து முடிச்சா முடிஞ்சிடுமா அண்ணாச்சி?"

"அது கடையில விக்கிற பொருள் இல்லையே மேடம்" என்றேன். "காசு கொடுத்தா வாங்கிப்பாக. ஆனா அதுக்குப் பிறவு மிக்கேல், காசு கொடுத்து ஊர் வாயை அடைச்ச கம்பெனியோட ஆளாயிருவான். அவனுக்கு அதுல என்ன இருக்கு?"

"அப்ப என்ன பண்ணலாம்?"

"எனக்குத் தெரியல. அவங்களைத்தான் கேக்கணும்."

கேட்பது என்பது லேசாகத் தோன்றும். நான் பார்த்தவரைக்கும் அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். தப்பு செய்துவிட்டால் உடனே ஒரு பரிகாரத்தை நாமே தீர்மானித்து எடுத்துக்கொண்டு போவோம். வெறுங்கையோடு போய், என்ன செய்யட்டும் என்று கேட்டு நிற்க மனசு வராது. மேடம் நின்றார்கள். பத்திரிகைக்குப் போட்டோ வேண்டாம் என்று சென்னைக்குச் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே தருவைகுளம் வந்தார்கள். நானும் அவர்களும் மட்டும். கரையில் மாமா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேடம் மணலிலேயே உட்கார்ந்தார்கள்.

"தப்பு எங்களோடது. மிக்கேல் பூசைக்குப் பிறகுதான் வரச் சொன்னார். நாங்கதான் கேக்கல. இப்ப நாங்க என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

மாமா வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தார். மாமி சொன்னார்கள். "என்ன செய்யணும்னா, குலை வேணும். சாக்குல மணலு ரொப்பணும். கட்டணும். காத்து திரும்பிட்டா அம்புட்டுத்தான். காசு தாரேன்னு சொல்லிராதீய, காசுல போயி கணவாய் முட்டை போடாது. கை வேணும். உங்க கம்பெனியில கை இருக்கா?"

"இருக்கு" என்றார்கள் மேடம்.

அன்றைக்கு ராத்திரிக்குள் யார்டு மேலாளரிடம் பேச வேண்டியிருந்தது. கப்பல் ஒன்று வந்து நிற்கிறது, யார்டு நிறைந்து கிடக்கிறது, ஒரு ஷிஃப்ட் ஆளைக் கடற்கரைக்கு அனுப்ப முடியாது என்றார் அவர். சேவை என்றால் அவரவர் லீவில்தானே போக வேண்டும் என்றும் கேட்டார். அதற்கு மேடம் சொன்ன பதிலுக்காகவே நான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இது சேவை இல்ல சார். நாம கெடுத்ததை நாம சரி பண்றோம். கம்பெனி கெடுத்ததை ஆளுங்க அவங்க லீவுல ஏன் சரி பண்ணணும்? கம்பெனி நேரத்துலதான் பண்ணணும். ரெண்டு வண்டி நின்னா நிக்கட்டும். மேல கேட்டா நான் சொல்லிக்கறேன்."

அவர்களுடைய வேலைக்கே ஆபத்து வரக்கூடிய பேச்சு அது. ஆனால் சொன்னார்கள்.

குலைக்கு ஆத்தூர். என் சொந்த ஊர்ப் பக்கம். வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டி நம் சொந்தக்காரர்கள் தோப்புகள் எத்தனை இருக்கின்றன. ஒரு லாரியோடு போய் இறங்கினேன். "வெறுங்குலையைக் கேட்டு லாரியில வந்த முதல் ஆளு நீதான், ஓய்வு வாங்குதுக்கு முன்னாலயே மண்டை கழண்டுட்டா?" என்றான் என் மச்சான். ஆனால் அவனும் அவன் பிள்ளைகளும்தான் தோப்புத் தோப்பாக ஏறி இறங்கிச் சேர்த்துக் கொடுத்தார்கள். முருகேசன் சொல்லாமல் கொள்ளாமல் உடன்குடிக்குப் போய், அவன் அப்பா கடையில் கிடந்த காலிச் சாக்குகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தான்.

குலை வந்து சேர்ந்ததும் கரையில் முப்பது பேர் இருந்திருப்போம். பனியன் இல்லை, பேனர் இல்லை, போட்டோ எடுக்க ஆள் இல்லை. முருகேசன் மாமியின் முன்னால் போய் நின்றான்.

"கோப்பை வாங்குன ஆளு நான்தான் மாமி."

"தெரியும்ல. முதுகுக்குப் பின்னால ஒளிச்சவன்தான? மணலைக் கொட்டும்போது கை வலிச்சுதா?"

"இல்ல."

"ரொப்பும்போது வலிக்கும். உக்காரு."

வலிக்கத்தான் செய்தது. வெயில் ஏற ஏற, கன்டெய்னரை விரலசைப்பில் தூக்குகிற ஆட்களெல்லாம் கையால் மணல் அள்ளினார்கள். வள்ளத்துக்காரர்கள் முதலில் தள்ளித்தான் நின்றார்கள். பிறகு ஒருத்தர் கட்டுகிற விதத்தைக் காட்ட வந்தார். அப்புறம் இரண்டு பேர். மத்தியானம் யார் வீட்டிலிருந்தோ மீன் குழம்பும் சோறும் வந்தது. இன்றைக்கும் நான் நினைத்துப் பார்க்கிற சாப்பாடு அது. யார்டில் வருஷக்கணக்கில் ஒரே கேன்டீனில் சாப்பிட்டவர்கள், கேட் ஆள் ஒரு மேசை, ஆபரேட்டர் ஒரு மேசை, ஆபீஸ் ஒரு மேசை என்று பிரிந்து உட்கார்ந்தவர்கள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரே பாயில் உட்கார்ந்தோம். மேடத்துக்கு மீன் முள் எடுக்கத் தெரியவில்லை. ஒரு கிரேன் டிரைவர் எடுத்துக் கொடுத்தான்.

மிக்கேல் மட்டும் வரவில்லை. வீடு பக்கத்துத் தெருதான். நான் கூப்பிடக் கிளம்பினேன். மேடம் தடுத்தார்கள். "நாம கூப்பிட்டா கம்பெனிக்காக வந்த மாதிரி ஆயிடும். விடுங்க."

பொழுது சாய்கிற நேரத்தில் தெருமுனையில் வந்து நின்றான். கிட்டே வரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார்கள். மாமி நிமிர்ந்தார்கள். கையில் முருகேசன் கட்டிய ஒரு கட்டு. அதைத் தூக்கிக் காட்டினார்கள்.

"ஏலே மிக்கேலு. உங்க ஆட்க கட்டுன கட்டைப் பாரு. இதைக் கடல்ல போட்டா கணவாய் பாத்துச் சிரிக்கும். அங்கன நின்னு என்னத்தப் பாக்க? வந்து அவிழ்த்துக் கட்டுல."

ஞாயிற்றுக்கிழமையும் மாமி அதே ஆட்களைப் பற்றித்தான் பேசினார்கள். அன்றைக்கு அது ஏச்சு. இன்றைக்கு அப்படியில்லை. மிக்கேல் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான், முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்தான், கட்டை அவிழ்த்தான். "எங்க படிச்ச இந்த முடிச்சை?" என்று கேட்டான். "கருப்பட்டிச் சிப்பம் கட்டுத முடிச்சு இது" என்றான் முருகேசன். "அப்ப கணவாய்க்கு இனிக்கும்" என்றான் மிக்கேல். அந்தக் கரையே சிரித்தது. மாமாகூடச் சிரித்தார்.

காற்று திரும்புவதற்கு முன்னால் கட்டி முடித்தோம். வள்ளங்கள் இறங்கிய அன்று மாமா, கட்டியவர்களில் ஒருத்தர் வந்து பார்க்கட்டும் என்றார். முருகேசன் ஏறினான். கரை மறைவதற்குள் வாந்தி எடுத்துவிட்டான் என்று மிக்கேல் வந்து சொன்னான். பாவம், பனங்காட்டுப் பிள்ளை. ஆனால் ஒவ்வொரு கட்டும் தண்ணீருக்குள் போகும்போது இது யார் கட்டியது, இது யார் கட்டியது என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தானாம்.

அதற்கடுத்த நாள் மிக்கேல் யார்டு கேட்டில் வந்து நின்றான். வேலைக்கு வந்திருக்கிறானா, கணக்கு முடிக்க வந்திருக்கிறானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மேடம் கேட்டே விட்டார்கள்.

"கல்ஃப் என்னாச்சு மிக்கேல்?"

"கணவாய் ஏறட்டும் மேடம்" என்றான். "கட்டுனது நீங்க. ஏறலைன்னா ஊருல கேப்பாகல்ல. நான் இங்கன இல்லாட்டா உங்களுக்காக யாரு பதில் சொல்லுவா?"

சொல்லிவிட்டு வண்டியை நோக்கிப் போனான்.

அந்த வருஷம் கணவாய் ஏறியது, நன்றாகவே ஏறியது என்று மாமா சொன்னார். காலம் முடிந்ததும் ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டான். மிக்கேல், யார்டுக்கு வந்திருந்த இரண்டு புதுப் பையன்களுக்குக் கை படியட்டும் என்றான். பிறகு கமிட்டியும் கம்பெனியும் சேர்ந்து அந்த ஓடை வாயில் குப்பை தடுக்கும் வலை கட்டுகிற வேலை வந்தது. அது எந்த நாளில், எந்த நேரத்தில், யார் வந்து நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அவன்தான் சொன்னான். சென்னை மேலிடமும் அவன் சொன்னதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. ஏஜென்டிடம், இந்த வேலை முடியட்டும் என்றான். ஏஜென்ட் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

செல்வி, எனக்குத் தெரிந்தது இதுதான். ஒருத்தனும் ஒரு நாளில் உட்கார்ந்து, இந்தக் கம்பெனியில் இருப்பது என்று முடிவெடுப்பதில்லை. போகிற நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறான். தள்ளிப் போட அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். கோப்பையும் பனியனும் அந்தக் காரணம் ஆகாது. தான் இல்லாவிட்டால் இவர்களுக்காக யார் பதில் சொல்வது என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். அதற்கு நீங்கள் முதலில் அவன் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்காமல் கெடுத்துவிட்டால், அவன் ஊர் பார்க்க, கம்பெனி நேரத்தில், கையால் சரி செய்ய வேண்டும்.

இதை உன் திட்டத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மேலிடத்தில் எண்ணிக்கை கேட்பார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு குப்பை அள்ளினார்கள் என்று கேட்பார்கள். எழுதிக் கொடு, வேறு வழியில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமையும் எண்ணிக்கையில் ரொம்ப நன்றாகத்தான் இருந்தது.